லவெலின் மஞ்சள் கை

டெட்ராய்ட்டில் பேருந்து ஓட்டும் கறுப்பினத்தவர் ஆறு பேர், ஞாயிறு மதியம் தேவாலயம் முடிந்ததும் கைப்பேசி வீடியோவில் கூடி மனப்பாரத்தை இறக்கி வைப்பார்கள். நடத்துபவள் வெர்னா. திரையில் முகங்கள் ஆறுதான். எண்ணிக்கை மட்டும் ஏழு என்று காட்டும். ஏழாவது கட்டம் இருட்டாக இருக்கும். அதில் லவெல் என்ற பெயரும், பேச வாய்ப்புக் கேட்டுத் தூக்கியபடியே நிற்கும் மஞ்சள் கைக் குறியும்.

"கடவுள் புண்ணியத்துல நல்லா இருக்கேன்" என்று சொன்னவரைத் துருவுவது அங்கே மரியாதையில்லை. லவெல் ஒரு வருஷம் அதையே சொன்னான். மார்ச்சில் ஒரு ஞாயிறு, முடிக்கப்போகும் நேரத்தில் முதல்முறையாகக் கை தூக்கினான்.

"நேரமாச்சு ராசா, அடுத்த வாரம் முதல்ல நீதான்" என்றாள் வெர்னா.

அடுத்த வாரம் அவனை அடக்கம் செய்தார்கள்.

"அந்தப் பேரை எடுத்துடேன்டி" என்று ஆறு பேரில் ஒருத்தியான லூசில் ஒருமுறை சொன்னாள். வெர்னாவுக்குக் கை வரவில்லை.

இந்த ஞாயிறு எல்லோரும் போன பிறகும் அவள் இணைப்பைத் துண்டிக்கவில்லை.

"பேசு லவெல். எவ்வளவு நேரமானாலும் உக்காந்திருக்கேன்."

இருட்டுக் கட்டத்திலிருந்து பேருந்துக் கதவு மூடும் சத்தம் கேட்டது.

"பரவால்ல மிஸ் வெர்னா." எப்போதும்போலப் பணிவான குரல். "நேரமாச்சுன்னு சொன்னீங்களே. அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

மஞ்சள் கை இறங்கியது.