தலைவரும் பன்னிரண்டு நாள் மகளும்

தொழிலாளி வாய் திறக்கும் முன்பே அவன் தேவையை அறிகிறவர், தேயிலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர் ஜெயராசா. பன்னிரண்டு நாள் மகளின் தேவைதான் பிடிபடவில்லை. மனைவி மேனுஷா பீலித் தண்ணீரில் குளிக்கப் போயிருக்கிறாள். லயத்து வீட்டுக் கதவுவழியே பனி நுழைகிறது, அவர் மார்பில் சாய்த்திருக்கும் குழந்தை வீறிடுகிறது. சற்றுமுன்தான் பால் குடித்தது, துணியும் நனையவில்லை. திருநீறு பூசிப் பார்த்தாயிற்று. நெஞ்சோடு இன்னும் இறுக்கி அணைக்கிறார், அழுகை கூடுகிறது. "என்னாங்க தலைவரே, பேச்சுவார்த்தை முறிஞ்சிருச்சா?" சுவருக்கு அப்பாலிருந்து பக்கத்துக் காம்பராப் பூவம்மா கேட்கிறாள். அவர் காதில் விழவில்லை. "என்னம்மா வேணும்? அப்பாகிட்ட சொல்லுடா," என்று கெஞ்சுகிறார். பூவம்மா வந்து பிள்ளையை வாங்குகிறாள். அழுகை நிற்கிறது. பிஞ்சுக் கன்னத்தில், அவர் சட்டையில் குத்தியிருக்கும் சங்க பேட்ஜின் வட்டம் சிவப்பாகப் பதிந்திருக்கிறது.