மெல்லிய முனை

“ரிமோட் கார் பாடிக்கு பெயிண்ட் அடிக்க ஒரு ஏர்பிரஷ் வேணும். என் வீட்டுக்காரர் சொல்லச் சொல்ல நான்தான் அடிக்கணும்” என்றாள் அந்தப் பெண்.

“அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா. என்ன வண்டி?” என்றார் கடைக்காரர்.

“பச்சை வேன். அது அவர் கண்ணுலயே நிக்குதாம். நம்பர் பிளேட் தெளிவா வரணும்னார்.”

“அப்போ இந்த மெல்லிய முனைதான் சரி. பாடி கண்ணாடி மாதிரி இருக்கும், உள்பக்கமாத்தான் அடிக்கணும். முதல்ல நம்பர், அப்புறம் பச்சை. நம்பரைச் சொல்லுங்க, அடிச்சுக் காட்டுறேன்.”

“ஏழு, மூணு, ஒண்ணு.”

மூன்றாவது எண்ணில் கடைக்காரர் விசையிலிருந்து விரலை எடுக்காததால் பெயிண்ட் வழிந்தது. போன மாதம் ஒரு திருப்பத்தில் யாரோ ஒருவரை இடித்துவிட்டு, நிற்காமல் தான் ஓட்டி வந்த பச்சை வேன், இன்னும் வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில்தான் நிற்கிறது.

“உங்க வீட்டுக்காரர் எங்கேம்மா?”

“அவர் போய் ஒரு மாசம் ஆச்சு. கனவுலதான் வந்து சொல்றார். இந்தக் கடைக்குத்தான் போகச் சொன்னார்.”

கடைக்காரர் ஏர்பிரஷைக் கீழே வைத்தார்.

“நாலாவது எண்?”

“அதை உங்ககிட்ட கேட்டுக்கச் சொன்னார்.”