துரை வீட்டுச் செடி

"பிள்ளையப் பறிகுடுத்துட்டுப் பச்சை உடம்போட கிடக்கிறவள, உங்க மாப்பிள்ளை செடி சுமக்க விட்டுருக்காராமே" என்று சந்தையில் ஒருத்தி சொன்னதுதான் தாமதம், முருகம்மாள் மார்க்கையன்கோட்டையிலிருந்து வண்டி பூட்டிக்கொண்டு போடிக்கு வந்து இறங்கிவிட்டாள்.

சொன்னது பொய்யில்லை. மகள் மாயக்காள் ஒரு மண்சட்டியை இடுப்பில் அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். சட்டிக்குள் கரித்துண்டும் தேங்காய் மட்டையும். நடுவே நாலு இலை. அதிலும் பாதி மஞ்சள்.

"என்ன கருமம்டி இது?"

"ஆர்க்கிட்டாம்மா. மரத்துல தொத்தி வளருமாம். எஸ்டேட் தொரையோடது. அவரு சீமைக்குப் போயிருக்காரு. திரும்பி வர்ற வரைக்கும் பாத்துக்கிறச் சொல்லி இவுககிட்டக் குடுத்துருக்காரு. செத்துப்போச்சுன்னா ஏலக்காயப் பூராம் வேற ஆளுக்குக் குடுத்துருவாராம்."

மருமகன் சங்கரலிங்கம் ஏலக்காய் வியாபாரி. மலை எஸ்டேட்டுகளில் வாங்கி, போடியில் விற்கிறவர்.

"அதுக்கு நீ என்னத்துக்கு மாடி ஏறுற?"

"காலை வெயிலு படணுமாம். காத்து கிளம்புனா இலை கிழிஞ்சிரும். அதுக்குள்ள கீழ கொண்டாந்து சன்னலோரம் வைக்கணும். வீட்டுக் கிணறு உப்பா இருக்கா, அது இதுக்கு ஆகாதாம். அதனால ஆத்துக்குப் போயி ஒரு குடம்..."

"ஆத்துக்குமா?"

"பக்கத்து வீட்டு மொக்கம்மாக்காவும் கூட வருதும்மா. அது வாயி சும்மா இருக்காது, நேரம் போறதே தெரியாது."

முருகம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மத்தியானம் மகள் இரண்டாம் தடவையும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டதைப் பார்த்து இன்னும் மனசு நொந்தாள். எவ்வளவு வேலை வாங்கினால் பிள்ளைக்கு இப்படிப் பசிக்கும்?

மருமகன் வந்தார். செருப்பைக் கழற்றியதும் நேரே சன்னலுக்குத்தான் போனார்.

"இன்னொரு இலையும் மஞ்சளாகுதே. தண்ணி காட்டினியா இல்லையா?"

சாப்பிட்டாயா, உடம்புக்கு எப்படி என்று மனைவியிடம் ஒரு வார்த்தை இல்லை.

மாமியார் மருமகனை முகம் பார்த்துப் பேசுகிற வழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. ஆகவே முருகம்மாள் கதவுக்குப் பின்னால் நின்று, செடியிடம் பேசினாள்.

"உனக்கு வந்த வாழ்வப் பாரு. எம் மகளக் கேக்க நாதியில்ல, உனக்கு மட்டும் ஆத்துத் தண்ணி கேக்குதோ?"

மருமகனும் செடியிடமே பதில் சொன்னார்.

"நீ ஒண்ணும் மனசுல வச்சுக்கிறாத. அத்தை பாசத்துல பேசுறாக."

செடி யார் பக்கமும் சேராமல் நின்றது.

மறுநாள் மகள் ஆற்றுக்குப் போயிருந்த நேரம். முருகம்மாள் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த வெந்நீரில் ஒரு செம்பு மொண்டாள். சன்னலோரம் போய்ச் சட்டியில் ஊற்றினாள். இந்தச் சனியன் ஒழிந்தால் மகள் ஒரு இடத்தில் படுத்து உடம்பைத் தேற்றிக்கொள்வாள். துரைக்கு உலகத்தில் வேறு செடியா கிடைக்காது?

மாயக்காள் வந்து பார்த்தபோது இலைகள் வதக்கிய கீரையாகத் தொங்கின. சட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவள் அழ ஆரம்பித்தாள். ஓவென்று அழுதாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போன அன்றுகூட ஒரு பொட்டுக் கண்ணீர் விடாமல் சுவரைப் பார்த்துக் கிடந்தவள் அவள்.

 முருகம்மாளுக்கு அப்போதுதான் மருமகனின் தொழில் ஞாபகத்துக்கு வந்தது.

அவர் வந்தார். மாயக்காள் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். சட்டியை அவர் குனிந்து பார்ப்பதைக் கண்டதும் முருகம்மாள் வழக்கத்தையெல்லாம் மறந்து கதவை விட்டு வெளியே வந்துவிட்டாள்.

"நாந்தேன் மாப்பிள்ளை. வெந்நீர ஊத்திட்டேன். தொரை வரட்டும், அவரு கால்ல நானே விழுந்து கேட்டுக்கிறேன்."

"எந்தத் தொரை, அத்தை?"

"இந்தச் செடிக்காரத் தொரைதேன்."

சங்கரலிங்கம் கிணற்றடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"அப்படி ஒருத்தரும் இல்ல அத்தை. போடி மெட்டு மலைக்கு ஏறுற வழியில ஒரு பலா மரத்துல இருந்து நாந்தேன் பிச்சாந்தேன். அங்கன மரத்துக்கு மரம் கெடக்கு."

முருகம்மாள் சட்டியையும் மருமகனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"பிள்ளை போனதுல இருந்து பாயை விட்டு எந்திரிக்கல. கொஞ்சம் வெயில்ல நில்லு, நாலு பொம்பளைகளோட பேசுன்னு நானும் சொல்லிப் பாத்தேன். காதுலயே வாங்கல. தனக்காக எந்திரிக்க மாட்டா, வேற ஒரு உசுரு வாடுதுன்னா எந்திரிப்பான்னு தோணுச்சு. நல்ல செடியாக் கொண்டாந்தா அவ பாட்டுக்குப் படுத்துக்கிருவா. அதனால இருக்கிறதுலயே சவலையாப் பாத்து எடுத்தாந்தேன்."

மாயக்காள் உள்ளே வந்தாள். முகம் வீங்கியிருந்தது. சட்டி முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, தேங்காய் மட்டையை விலக்கிப் பார்த்தாள்.

"வேரு ஒண்ணு ரெண்டு பச்சையாத்தேன் இருக்கும்மா. பொழைச்சுக்கிருமா?"

முருகம்மாள் சேலைத் தலைப்பால் மூக்கைச் சிந்திக்கொண்டு, மகளை ஒரு முறை முறைத்தாள்.

"இப்படிக் குத்தவச்சு உக்காந்திருந்தா எப்படிடி பொழைக்கும்? தொரை வந்து கேட்டா யாரு பதில் சொல்றது? குடத்த எடு, ஆத்துக்குக் கிளம்பு."