இடது பக்கக் கதவு

"ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கு" என்றார் தலைமை எழுத்தர்.

மனைவி இறக்கினாள். வெளியே பட்டப்பகல். உள்ளே டார்ச் வெளிச்சத்தில், வெள்ளி நிறக் காரின் இடது பக்கக் கதவில் ஒரு முழ நீளத்துக்குக் கீறல்.

முந்தின நாள், புதன்கிழமை சாயங்காலம், அலுவலக வாசலில் காரைத் திருப்பும்போது மேனேஜரின் புத்தம்புதுக் காரில் ஓர் இழுப்பு இழுத்துவிட்டார். இறங்கிக்கூடப் பார்க்காமல் பறந்து வந்துவிட்டார். சக ஊழியர்களுக்கு நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்கிற மனிதர்! எவன் என்று தெரிந்தால் போலீசில் பிடித்துக் கொடுக்காமல் விடுவதில்லை என்று மேனேஜர் குதிக்கிறாராம். அந்த மேனேஜர் கையெழுத்துப் போட்டால்தான் இவருக்குப் பதவி உயர்வு.

"பேசாம ஒர்க்‌ஷாப்ல விட்டுடலாமேங்க?"

"அந்த மெக்கானிக்குக்கு ஓட்டை வாய். சாயங்காலத்துக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும்."

"என் நெயில் பாலிஷ் வச்சுப் பார்க்கறீங்களா? சிவப்புதான் இருக்கு."

"நீ டார்ச்சைப் பிடி, போதும்."

எல்லாம் வீடியோ பார்த்துக் கற்ற வித்தை. சோப்புத் தண்ணீரில் கழுவி, சுற்றிலும் டேப் ஒட்டி, ஈர உப்புத்தாளால் நோகாமல் தேய்த்து, பிரைமர் பூசி, அது காய்ந்த பிறகு பெயின்ட். ஒரு ஃபைலை அடுத்த மேஜைக்கு நகர்த்த மாதக்கணக்கில் எடுத்துக்கொள்பவர், காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு, சாப்பாட்டையும் மறந்து கதவே கதியென்று கிடந்தார். சனிக்கிழமை பாலிஷ் போட்டு முடித்தபோது கதவில் அவர் முகமே தெரிந்தது. உப்புத்தாள், பிரஷ், டப்பா எல்லாவற்றையும் பொட்டலம் கட்டி, ஊர்க்கோடிக் குப்பைத் தொட்டியில் எறிந்துவிட்டு வந்தார்.

"இனிமே எவன் வந்தாலும் என்னை அசைக்க முடியாது" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தவர் இன்ஸ்பெக்டர்.

"உங்க காரைக் கொஞ்சம் பார்க்கணுமே."

"தாராளமா பாருங்க சார்."

இன்ஸ்பெக்டர் காரைச் சுற்றி வந்து, சரியாக இடது பக்கக் கதவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். விரலால் தடவினார்.

"புதுசு மாதிரி இருக்கே. ஏதாச்சும் வேலை பார்த்தீங்களா?"

"வேலையா? வாங்கின நாள்லேர்ந்து ஒரு கீறல் பட்டதில்ல சார்."

"பெத்த பிள்ளை மாதிரி வச்சிருக்காரு சார்" என்று மனைவி தன் பங்குக்கு எடுத்துக் கொடுத்தாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. போன வியாழக்கிழமைகூட இந்தக் கதவுல ஒண்ணும் இல்லையா?"

"என்னைக்குமே இல்ல சார்!"

இன்ஸ்பெக்டர் பெருமூச்சோடு எழுந்தார்.

"வியாழக்கிழமை மத்தியானம் நகைக்கடையில கொள்ளை. தப்பிச்சுப் போன கார் கேமராவுல பதிவாகியிருக்கு. நம்பர் பிளேட்டைக் கழட்டியிருக்கானுங்க. ஆனா இதே மாடல், இதே கலர். இடது பக்கம் முழுசாத் தெரியுது, சின்னக் கோடுகூட இல்ல. இந்த வட்டாரத்துல இதே மாதிரி வண்டி அத்தனையும் பார்த்தாச்சு. எல்லாத்துலயும் இடது பக்கம் சொட்டையோ கீறலோ இருக்கு. உங்க வண்டி ஒண்ணுதான் சார் சுத்தம். அன்னைக்கு நீங்க ஆபீஸ் பக்கமும் போகல. கிளம்புங்க, ஸ்டேஷன்ல பேசிக்கலாம்."

தலைமை எழுத்தர் இன்ஸ்பெக்டரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயோ சார், கீறல் இருந்துச்சு சார்! புதன்கிழமையே இருந்துச்சு! மேனேஜர் வண்டியை உரசிட்டு ஓடினது நான்தான் சார்! இதோ, இந்தக் கதவுலதான்!"

"எங்க? காட்டுங்க."

தலைமை எழுத்தர் டார்ச்சை எடுத்துவந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மண்டியிட்டு அங்குலம் அங்குலமாகத் தேடினார். வேலை அத்தனை நேர்த்தி.