மணிக்குக் குறுக்கே ஒரு கோடு

தையல் எந்திரத்தின் குட்டி விளக்கொளியில் தங்கை தன் போனை நீட்டிப் பாடம் நடத்துகிறாள். "வெளிச்சத்தைக் குறைச்சு வைக்கா, சார்ஜ் நிக்கும். தொணதொணன்னு மெசேஜ் போடறவங்க பேரை அழுத்திப் பிடிச்சு, இந்த மணியைத் தொடு. குறுக்கே கோடு விழும். அப்புறம் சத்தமே வராது." விரலில் நூல் சுற்றியபடி அக்கா குனிந்து பார்க்கிறாள். வரிசையில் ஒரே ஒரு பெயருக்கு ஏற்கெனவே கோடு விழுந்திருக்கிறது: அக்கா. அதன் கீழே, ‘அம்மா உன்னையே கேட்டுக்கிட்டு இருக்கா’ என்று போன வாரம் அக்கா அனுப்பியது, இன்னும் திறக்கப்படாமல். அதைப் பார்க்காததற்கு, போன் சார்ஜ் இல்லாமல் கிடந்தது என்றுதானே தங்கை சத்தியம் செய்தாள்! மிதியில் வைத்த கால் அப்படியே நிற்கிறது. "விழுந்த கோட்டை எடுக்கறது எப்படின்னும் சொல்லிக்குடு," என்கிறாள் அக்கா.