பரிந்துரைத்த பெயர்

“அவ எதுக்குங்க இங்க வந்து உக்காந்திருக்கா?”

இமெல்டா கைப்பேசியை வாயோடு ஒட்டிவைத்துக் கிசுகிசுத்தாள்.

“யாருடி?” என்றான் அந்தப் பக்கம் அவள் கணவன் எஃப்ரேன்.

“எங்கக்கா மகாராணிதான்.”

அலுவலகத்துக் காத்திருப்பு அறையில் எதிர் நாற்காலியில் அக்கா சொகோரோ, சுவரில் இருந்த குவாதலூப்பே மாதா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை இருக்கும் பக்கம் கழுத்து திரும்பவே இல்லை.

“அவங்க பையன் பெட்டோவும் நம்ம பொண்ணு படிக்கற ஸ்கூல்தானே. உதவி கேட்டு வந்திருப்பாங்க. விடு.”

“இல்லங்க. என்னைப் பத்தி மொட்டைக் கடுதாசி போட்டிருக்கா. இல்லன்னா நம்ம அனலிக்கு வந்த பணத்தை ஏன் நிறுத்தணும்?”

காலையில்தான் அந்த அழைப்பு வந்திருந்தது. கத்தோலிக்கப் பள்ளிகளின் கட்டண உதவி நிதியிலிருந்து. ‘உங்கள் மகள் பெயருக்கு ஒருவர் தந்த நன்கொடையை நிறுத்தி வைத்திருக்கிறோம். நேரில் வாருங்கள்.’ அவ்வளவுதான். அதிலிருந்து இமெல்டாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. தான் வேலை பார்க்கும் பல் மருத்துவமனையில் ஒருவர் சீட்டை இன்னொருவரிடம் கொடுத்துத் திட்டு வாங்கினாள். சாப்பாட்டு நேரத்தில் பட்டினியோடு, பாலைவன ஊரான டூசானின் மே மாத வெயிலில் காரை விரட்டிக்கொண்டு வந்திருந்தாள். எஃப்ரேனுக்கு லாரி வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. இந்த உதவி இல்லையென்றால் ஆகஸ்டில் அனலி பள்ளி மாற வேண்டியதுதான். பாவம், அந்தப் பெண்ணுக்கு இன்னும் தெரியாது.

சகோதரிகள் பேசிக்கொள்ளாமல் மூன்று வருடம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள், சொந்தக்காரர்கள் எல்லாரும் சொகோரோ வீட்டில் கூடி, சோளமாவில் தமாலே என்ற பலகாரம் செய்துகொண்டிருந்தபோது இமெல்டாவின் வாய் நீண்டுவிட்டது. “அந்தச் சோம்பேறி பெட்டோவுக்கு கத்தோலிக்க ஸ்கூல் எதுக்குக்கா? காசைக் கரியாக்கறே.” சொகோரோ மாவுக் கையோடு கதவைக் காட்டினாள். அன்றிலிருந்து கோயிலில் ஒருத்தி இடப்பக்கம், ஒருத்தி வலப்பக்கம். பூசையில் எல்லாரும் கைகொடுத்துச் சமாதானம் சொல்லும் நேரத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் கைப்பையில் எதையோ தேடும் அவசரம் வந்துவிடும்.

அறைக் கதவு திறந்தது. “ரெண்டு பேரும் உள்ள வாங்க” என்றார் அலுவலக அதிகாரி மிஸஸ் டோனெல்லி.

“ரெண்டு பேருமா?” என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள். ஒன்றாகக் கேட்டுவிட்டோமே என்று இருவருக்கும் எரிச்சல்.

மிஸஸ் டோனெல்லி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “விதி தெரியும்ல? மாநிலத்துக்குக் கட்ட வேண்டிய வரியை இங்க நன்கொடையாக் கொடுக்கலாம். மாநிலம் அதை வரியில கழிச்சுக்கும். ஒரு பிள்ளை பேரைப் பரிந்துரைக்கலாம், ஆனா சொந்தப் பிள்ளையை எழுதக் கூடாது.”

“தெரியும்ங்க” என்றாள் இமெல்டா. “எங்க ஃபாதர் மோட்சத்தைவிட இதைத்தான் அதிகமாப் பேசறாரு.”

“நீ என் பிள்ளையை எழுது, நான் உன் பிள்ளையை எழுதறேன்னு பேசி வெச்சுக்கறதும் தப்பு. உங்க மேல அந்தச் சந்தேகம்தான். உண்மையா இருந்தா அனலிக்குக் கிடைக்காது.”

இமெல்டாவுக்கு உடம்பெல்லாம் பற்றியெரிந்தது. “யார் கிட்டங்க பேசி வெச்சேன்? என் பொண்ணுக்குக் கொடுத்த புண்ணியவான் யாருன்னே எனக்குத் தெரியாது! எந்த மகராசி புகார் பண்ணினா?” சொல்லிக்கொண்டே அக்காவை முறைத்தாள்.

“என்னை ஏன் பாக்கறா?” என்றாள் சொகோரோ, மிஸஸ் டோனெல்லியிடம். “இவளை நினைக்கறதுதான் எனக்கு வேலையா?”

“புகார் யாரும் பண்ணல. கம்ப்யூட்டர் பிடிச்சது. இமெல்டா, நீங்க யாரைப் பரிந்துரை பண்ணினீங்க?”

இமெல்டாவின் முகம் சிவந்தது. “அதை இங்க சொல்ல மாட்டேன். வெளிய தெரியக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேனே.”

“சொகோரோ, நீங்க?”

“நானும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். என்னை விட்ருங்க.”

“உங்க பிள்ளைங்க படிப்பு நின்னுடும்மா. ரெண்டு பேரும் வாயைத் திறக்கலன்னா நான் என்ன பண்றது?” மிஸஸ் டோனெல்லி பெருமூச்சு விட்டு, இரண்டு தாள்களை அவர்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

ஒன்றில், சொகோரோவின் குண்டு எழுத்தில் அனலியின் பெயர். மற்றொன்றில், இமெல்டாவின் சாய்ந்த எழுத்தில் பெட்டோவின் பெயர்.

இமெல்டா தாளை இரண்டு முறை படித்தாள். மூன்றாவது முறை எழுத்து தெரியவில்லை, கண் நிறைந்துவிட்டது.

மிஸஸ் டோனெல்லி பேனாவை எடுத்தார். “பேசி வெச்சுக்கிட்டு எழுதலன்னு மாதா மேல சத்தியமாச் சொல்லுங்க. இப்பவே ரெண்டு பணத்தையும் விடுவிக்கறேன்.”

“சத்தியமாங்க! நாங்க மூணு வருஷமாப் பேசிக்கறதே இல்ல!” என்றார்கள் அக்காவும் தங்கையும் ஒரே குரலில், ஒருத்தி கையை மற்றவள் இறுகப் பிடித்துக்கொண்டு.