சுவரோரம் ஒதுங்கும் பிள்ளை

சண்டிலிப்பாயில் புகையிலைக்குத் தண்ணி இறைக்கையில் நான் கிணத்துத் துலா மிதிப்பன், நாகமுத்து கீழே நின்று தண்ணிப் பட்டை பிடிப்பான். வீட்டுக் கரைச்சலெல்லாம் நாங்கள் அங்கேதான் கதைக்கிறது.

"என்ரை மகளுக்கு ரெண்டரை வயசு. பொழுதுபட்டால் ஒரே கத்தல், படுக்கிறாளில்லை" என்றேன்.

"என்ரை பெடியன் பாயைக் கண்டால் சுவரோரம் ஒதுங்கிப் பக்கத்திலை இடம் விடுவான். உடனே நித்திரை."

"ஆருக்கடா இடம்?"

"ஆருக்குத் தெரியும்? படுத்தால் அதுவே காணுமடாப்பா."

எனக்கு வயிறு எரிந்தது. எங்கடை பாய் கிழிந்துபோச்சு என்று பொய் சொல்லி அந்தப் பெடியன்ரை பாயை இரவல் வாங்கினேன். அன்றைக்கே மகள் சுவரோரம் ஒதுங்கினாள். பக்கத்தில் இடம் விட்டாள். நித்திரையானாள்.

மூன்றாம் நாள் நாகமுத்து சிவந்த கண்ணோடு வந்தான். "பெடியன் கண் மூடுறானில்லை. பாயைத் தா."

கொடுத்தேன். பாய் திரும்பிப் போயும் அவன்ரை பெடியன் படுக்கவில்லை. என்ரை மகள் வெறும் சாக்கிலும் ஒதுங்கிப் படுத்து நித்திரை கொண்டாள். நாகமுத்து என்னோடு கதைக்கிறதை விட்டுவிட்டான். எரிச்சல் பிடித்தவன் என்று நினைத்தேன்.

பிறகு மகள் என்னைத் தேடுவதையும் விட்டுவிட்டாள். ஒருநாள் அவளருகே, அந்த வெறும் பக்கத்தில் படுக்கக் குனிந்தேன்.

"அப்பு, இடமில்லை" என்றாள், கண் திறக்காமலே.

அவளுடைய கை அந்தப் பக்கம் நீண்டு, சாக்கில் முட்டாமல் ஒரு சாண் உயரத்தில் ஆறுதலாய்க் கிடந்தது. என்ரை மேலே அந்தக் கை அப்படி ஒருநாளும் கிடந்ததில்லை.